தொடுதலில் பிறக்கும் மின்சாரம்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழாவில் அறிவியல் பற்றிப் பேசுமாறு கழகத்தார் என்னைப் பணித்தனர். நான் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். இயற்பியல் அறிஞன் அல்லேன். எனினும், என்னிடம் பயின்று இன்று கோவையில் ஆராய்ச்சி மாணவியாக விளங்கும் நம் பிள்ளை ஒருத்தி எனக்குப் பொறுமையுடன் விளக்கியதை உங்கள்முன் வைக்க விழைகிறேன்.

நூற்பாலை நமக்குப் புதியதன்று. 1888இல் ஸ்டேன்ஸ் ஆலை தோன்றிய நாள்முதல் கோவையின் வாழ்வு பஞ்சோடு பின்னிக் கிடக்கிறது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. என் தந்தையார் ஓர் ஆலையில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தவர். பாலியெஸ்டர் இழை ஓடும் எந்திரத்தருகே சென்றால் கை மயிர் சிலிர்த்து நிற்கும் என்பார். இழை உருளைகளில் உராயும்போது தோன்றும் மின்னூட்டமே அதற்குக் காரணம். அது நூற்பைக் கெடுக்கும். ஆகவே ஆலைகள் காற்றில் ஈரப்பதம் ஊட்டி அதனைப் போக்குகின்றன.

தொல்லை என்று தள்ளப்பட்ட அம்மின்னூட்டத்தையே வேலை வாங்கலாம் என்று 2012இல் உலகிற்குக் காட்டினர், அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் சோங் லின் வாங் குழுவினர். அக்கருவிக்கு உராய்வு நானோ மின்னாக்கி என்று பெயர்.

அது இயங்கும் முறை எளியது. தன்மையில் வேறுபட்ட இரு பொருள்கள், எடுத்துக்காட்டாக நைலானும் டெஃப்லானும், தொடும்போது ஒன்றில் நேர்மின்னும் மற்றொன்றில் எதிர்மின்னும் தங்கும். இரண்டின் பின்புறத்திலும் உலோகத் தகடு ஒட்டிக் கம்பியால் இணைத்துவிட்டால், அவை பிரியும்போது ஒரு திசையிலும், மீண்டும் நெருங்கும்போது எதிர்த்திசையிலும் மின்சாரம் ஓடும். காலடி, காற்று, மழைத்துளி, மூச்சு ஆகிய யாவும் இதனை இயக்கப் போதும்.

ஆயினும் தனித்த பாலிமர் ஏட்டில் தங்கும் மின்னூட்டம் சிறிது. அதனைப் பெருக்கவே கலப்புப் பொருள்களை நாடுகின்றனர். சிலிக்கோன் ரப்பரில் பேரியம் டைட்டனேட், ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் போன்ற நுண்பொடிகளைக் கலந்தால் அந்த ஏடு மின்னூட்டத்தை மிகுதியாகத் தாங்கும். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், நுண்துளைகள் கொண்ட சிலிக்கோன் ரப்பரில் 10 விழுக்காடு ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் சேர்த்தபோது, கிடைத்த திறன் தனி ரப்பரில் கிடைத்ததைப் போல் ஐந்து மடங்கிற்கும் மேலாயிற்று. அளவு மீறினாலோ பொடி திரண்டு கட்டியாகும், மேற்பரப்பு சரியாகத் தொடாது, பயன் குறையும். உப்பின் அளவறிந்து இடும் நம் தாய்மார்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

குறைகளையும் மறைத்தல் ஆகாது. இக்கருவி தரும் மின்னழுத்தம் மிகுதி. மின்னோட்டமோ மிகக் குறைவு. இது கிணற்று மோட்டாரை இயக்காது. நாடித்துடிப்பை அளக்கும் சிறு உணர்கருவிகளுக்கே ஏற்றது. மழைக்கால ஈரம் இதற்குப் பகை. தேய்மானமும் உண்டு. ஈரத்தையும் தேய்மானத்தையும் வெல்லும் புதிய கலப்பு ஏடுகளைத் தேடும் பணி இன்னும் முடியவில்லை. பஞ்சையும் இழையையும் அறிந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அப்பணியில் இடம் உண்டு. நெசவுத்துறை ஆராய்ச்சிக்கென 1956இல் நிறுவப்பட்ட சிட்ரா நிறுவனமும் நம் கோவையில்தானே உள்ளது!

இளைஞர்களே, ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். 1980களில் நான் பயின்ற ஒரு பள்ளியில், கண்ணாடிக் கோலைப் பட்டுத் துணியால் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை ஈர்க்கும் சோதனையைச் செய்து காட்டினர். மாணவர் ஒவ்வொருவராய்ச் செய்தனர். என் முறை வந்தபோது, "நீ பார்த்தாலே போதும்" என்று கோலை எடுத்து வைத்துவிட்டனர். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து அப்போது முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. தொட்டால்தான் விளங்கும் பாடத்தைத் தொடாமலே படித்தேன். பின்னர் அறிவியல் பிரிவை நான் நாடவில்லை. அதற்கு அந்த ஒரு நாளே முழுக் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்நாளை நான் மறக்கவும் இல்லை.

என் மாணவி அப்படி ஒதுங்கவில்லை. தன் கையாலேயே பொடி கலந்து, ஏடு வார்த்து, விரலால் அழுத்தி ஒரு சிறு விளக்கை எனக்கு எரியச் செய்து காட்டினாள்.

ஆகவே பெற்றோர்களே, பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையை ஆலைக்கு அனுப்புமுன் கழகத்தாரிடம் வாருங்கள். பட்டியல் இன மாணவர்க்கான உயர்கல்வி உதவித்தொகை 1944 முதல் உள்ளது. அதனைப் பெற வழி சொல்வார்கள். கழகத்தாருக்கும் ஒரு வேண்டுகோள்: நம் மாலை வகுப்பிற்கு ஓர் ஆய்வுப் பெட்டி வேண்டும். கோலும் பட்டும் காந்தமும் கம்பியும் அதில் இருக்கட்டும். அதனைப் பூட்டி வைக்காமல், ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுங்கள். முதல் கண்ணாடிக் கோலை நானே வாங்கித் தருகிறேன்.