பூமி பிளந்த வழியே பொன்

1859ஆம் ஆண்டு, இன்று அமெரிக்காவின் நெவாடா மாநிலமாக விளங்கும் மலைப்பகுதியில் சிலர் பொன் அரித்துக்கொண்டிருந்தனர். கனத்த கருநீலச் சேறு அவர்களுக்குப் பெருந்தொல்லையாயிற்று. அதனை வாரி எறிந்தனர். பின்னர் சோதித்துப் பார்த்தபோது அச்சேறு உயர்ந்த வெள்ளித் தாது என்பது தெரியவந்தது. கொம்ஸ்ரொக் தாதுநாளம் உலகறிய வந்தது இவ்வாறே.

அத்துணைச் செல்வம் அவ்விடத்திற் குவிந்தது எங்ஙனம்? ஏறக்குறைய 1 கோடியே 40 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே எரிமலைகள் இருந்தன. அடியிற் கிடந்த பாறைக்குழம்பின் வெப்பத்தால் நிலத்தடி நீர் கடுஞ்சூடேறியது. கந்தகத்தின் துணையால் அந்நீர் பொன்னையும் வெள்ளியையும் தன்னுட் கரைத்துக்கொண்டது. ஆனால், கரைந்தது மேலே வருவதற்கு வழி வேண்டுமன்றோ? நிலம் பிளந்து, ஒருபுறப் பாறை கீழ்நோக்கிச் சரிந்ததால் உண்டான பெரும் பிளவே அவ்வழியாயிற்று.

நீர் மேலேறுந்தோறும் அதன்மீதிருந்த அழுக்கம் குறைந்தது. நீர் கொதித்தது, வாயுக்கள் பிரிந்தன, கரைந்திருந்த உலோகங்கள் வெண்படிகக் கல்லோடு பிளவிலே படிந்தன. பிளவின் எல்லா இடங்களிலும் அவை ஒரே அளவிற் படியவில்லை. பிளவு அகன்றும் கிளைத்தும் நின்ற இடங்களிலேயே பெருங்குவியல்கள் உண்டாயின. 1873ஆம் ஆண்டு ஏறத்தாழ 1,200 அடி ஆழத்திற் கண்ட பெருந்தாதுத் திரள் இத்தகையதே. அதற்கு மேலிருந்த வெறும் பாறையைக் கண்டு மனந்தளர்ந்திருந்தால் அது கிடைத்திராது.

ஆயினும், பொன்னைக் கொணர்ந்த வழி அடைபட்டுவிடவில்லை. சுரங்கம் ஆழமாக ஆழமாக, அப்பிளவுகள் வழியே வெந்நீர் பீறிட்டது. அதன் வெப்பம் 70 பாகை செல்சியசைத் தாண்டியது. தொழிலாளர் சில நிமிடங்களே வேலைசெய்து, பனிக்கட்டியை நாடி ஓடினர். வெந்நீரில் வீழ்ந்து மாண்டோரும் உளர். நீரை வெளியேற்ற ஏறக்குறைய நான்கு மைல் நீளத்துக்குக் குடைந்த சூற்றோ சுரங்கவழி 1878இலேயே சுரங்கங்களை எட்டியது. அதற்குள் சிறந்த தாதுவிற் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது.

எரிமலைப் பாறை மட்டும் பொன்னுக்குச் சான்றாகாது. பிளவு மட்டும் இருந்தாலும் போதாது. வெப்பமும் வழியும் ஒருகாலத்தில் ஓரிடத்தே கூடியிருத்தல் வேண்டும். பொன் தேடுவோர் முதலில் தேடவேண்டியது அக்கூட்டத்தையே.