புற்றுநோயைக் காட்டும் பட்டை யாருக்கு?
(தொழிற்சங்க வகுப்பொன்றில் ஆற்றிய உரை)



சர்க்கரை நோய்க்கு விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைச் சிறு பட்டையில் வைத்துப் பார்க்கிறார்களே, அதை நீங்கள் அறிவீர்கள். அதன் மூல யோசனையை அமெரிக்க விஞ்ஞானி லேலண்ட் கிளார்க் 1962ல் வெளியிட்டார். பட்டையிலுள்ள நொதி சர்க்கரையோடு வினைபுரிகிறது. அதில் பிறக்கும் எலெக்ட்ரான்கள் மின்சாரமாக ஓடுகின்றன. மின்சாரத்தை அளந்தால் சர்க்கரையின் அளவு தெரிந்துவிடும்.

பட்டையைச் செய்வது மந்திர வித்தையல்ல. பனியனில் படம் அடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் இருக்கிறதல்லவா? அதே முறையில் பிளாஸ்டிக் தகட்டின்மேல் கார்பன் மையை அச்சடிக்கிறார்கள். அதுவே மின்முனை. காகிதத்திலும் அச்சடித்துக் காட்டியிருக்கிறார்கள்.

புற்றுநோயையும் இப்படிக் கண்டுபிடிக்கலாமா? புற்றுக் கட்டி இரத்தத்தில் கலக்கும் ஒரு புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடியை மின்முனையில் ஒட்டிவைக்கிறார்கள். அந்தப் புரதம் வந்து சேர்ந்தால் மின்னோட்டம் மாறும். ஆய்வுக்கூடங்களில் இதைச் செய்துவிட்டார்கள்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு மில்லி இரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 1 மில்லிகிராம். புராஸ்டேட் சுரப்பிப் புற்றுக்குப் பார்க்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதமோ, 4 நானோகிராமைத் தாண்டினாலே டாக்டர் சந்தேகப்படுவார். இரண்டரை லட்சத்தில் ஒரு பங்கு! மரக்கால் மரக்காலாக அளந்து கொட்டிய நெல்லில் ஒரே ஒரு கருக்காயைத் தேடும் வேலை. வேறு புரதங்களும் மின்முனையில் அப்பிக்கொண்டு கணக்கைக் கெடுக்கும். போதாக்குறைக்கு, வயதானவர்களுக்குச் சுரப்பி வீங்கினாலும் பி.எஸ்.ஏ. கூடும். சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்தால்தான் புற்றா இல்லையா என்று சொல்ல முடியும். ஆகவே இப்பட்டைகளில் பெரும்பாலானவை இன்னும் ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை. நாளைக்கே கிடைக்கும் என்று ஆசை காட்டுகிறவனை நம்பாதீர்கள்.

சரி, பட்டை வந்தால் என்ன விலைக்கு வரும்? கார்பன் மை மலிவு, காப்புரிமை மலிவல்ல. ஈரல், சிறுநீரகப் புற்றுக்கான நெக்சவார் மருந்தை ஜெர்மன் கம்பெனியான பேயர் மாதத்திற்குச் சுமார் 2,80,000 ரூபாய்க்கு விற்றது. 2012ல் நம் நாட்டுக் காப்புரிமை அதிகாரி கட்டாய உரிமம் வழங்கினார்; ஐதராபாத் நாட்கோ கம்பெனி அதே மருந்தை 8,880 ரூபாய்க்குக் கொடுக்க வழி பிறந்தது. இடைப்பட்ட பணம் எங்கே போயிற்று என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மலிவான சோதனை மட்டும் இருந்தாலும் போதாது. திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு 2007ல் லான்செட் ஏட்டில் வெளியாயிற்று. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்சுகள் கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்தார்கள். பட்டை இல்லை, மின்சாரமும் இல்லை. கோளாறு தெரிந்தவர்களுக்குத் தாமதமின்றிச் சிகிச்சையும் கொடுத்தார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றால் நேரும் சாவு 35 சதம் குறைந்தது!

ஆலைத் தோழருக்கு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியாவது உண்டு. நாற்று நடும் தங்கைக்கு அதுவும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றையக் கூலி போச்சு. பரிசோதனை நாளுக்குக் கூலி வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலியாகக் கிடக்கும் நர்ஸ் இடங்களை நிரப்ப வேண்டும் என்ற இரண்டையும் அடுத்த மாத மனுவில் சேருங்கள்.