நன்னூல் காட்டும் நெறியும் நுழைவுத் தேர்வும்

(கண்டமங்கலத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை உள்ள இல்லங்களில் இன்று ஓர் அச்சம் குடிகொண்டிருக்கிறது. பெரும்பொருள் செலவிட்டு நகரத்துப் பயிற்சி மையத்தில் சேர்க்காவிடில் பிள்ளையின் எதிர்காலம் என்னாகுமோ என்பதே அவ்வச்சம். நிலத்தை அடகு வைக்கலாமா என்று எண்ணும் பெற்றோரும் உளர். அதற்கு முன், எந்தப் படிப்பிற்கு எந்தத் தேர்வு என்பதைத் தெளிதல் வேண்டும்.

தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு 1984ஆம் ஆண்டு வந்த நுழைவுத் தேர்வு, 2007ஆம் ஆண்டு சட்டத்தின் வழி நீங்கியது. பொறியியற் கலந்தாய்விற்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றின் பொதுத் தேர்வு மதிப்பெண்களே இன்றும் 200க்குக் கணக்கிடப்படுகின்றன. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள அண்ணா பல்கலைக்கழகப் பொறியியற் கல்லூரிகளுக்கும் அதுவே வழி. ஐ.ஐ.டி. விரும்புவோர்க்கு ஜே.இ.இ. தேர்வு உண்டு. மருத்துவத்திற்கோ 2017 முதல் தமிழ்நாட்டிலும் நீட் தேர்வே வாயில். அண்டையில் உள்ள புதுச்சேரி ஜிப்மரும் தன் தனித் தேர்வைக் கைவிட்டு 2020 முதல் நீட் வழியாகவே மாணவரைச் சேர்க்கிறது.

அதே 2020இல், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் பயின்று நீட் தேர்ச்சி பெற்றோர்க்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு சட்டமாயிற்று. முதலாண்டிலேயே ஏறத்தாழ 400 இடங்கள் அப்பிள்ளைகளுக்குக் கிட்டின. கல்விக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி கூலித் தொழிலாளியின் மகளுக்கும் எட்டாக் கனி அன்று. கதவு திறந்திருக்கிறது, உள்ளே செல்லும் பயிற்சியே தேவை.

அப்பயிற்சியின் நெறியை ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முன்பே பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் வகுத்துவிட்டார். ஆசிரியர் கூறுவதை நன்கு கேட்டாலும் கற்பவன் அடைவது காற்பங்கே. உடன் பயில்வாரோடு கலந்து பயில்வதால் மற்றொரு கால். தான் கற்றதைப் பிறர்க்கு உரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கு என்பது அவர் கணக்கு. பயிற்சி மையம் எத்துணை விலை பெறினும் அது தரவல்லது முதற் காற்பங்கையே. எஞ்சிய முக்காற் பங்கு ஊரிலேயே கிடைக்கும்.

நான்கைந்து பிள்ளைகள் மாலைதோறும் ஓரிடத்தில் கூடட்டும். ஒருவர் இயற்பியலில் ஒரு பாடத்தை விளக்க, மற்றவர் வினாத் தொடுக்கட்டும். நீட் தேர்வில் தற்போது 180 நிமிடங்களில் 180 வினாக்கள். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று குறையும். ஆதலின் வாரந்தோறும் பழைய வினாத்தாள் ஒன்றைக் கடிகாரம் வைத்து எழுதுதலும், தவறியவற்றைத் தனிக் குறிப்பேட்டில் பதிதலும் இன்றியமையாதவை. தெரியாததைத் தெரியாததென விடுவதும் ஒரு பயிற்சியே. பாதி வினாக்கள் உயிரியலில் அமைவதால், அதனை விரைந்து முடிப்போர்க்கு இயற்பியற் கணக்கிற்கு நேரம் மிகும். தமிழில் எழுதுவோர் கலைச்சொற்களின் ஆங்கில வடிவையும் அறிந்திருத்தல் நலம். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வினாவே முடிவானது. இவை யாவும் பதினோராம் வகுப்பிலேயே தொடங்கட்டும்.

பெரியோர் செய்யத்தக்கது பெரிதன்று. விளக்கொளியுள்ள ஓர் அறை, பாடநூல்களும் பழைய வினாத்தாள்களும் அடங்கிய ஓர் அலமாரி, விடுமுறையில் ஊர் திரும்பும் கல்லூரி மாணவர் ஒருவரின் இரண்டு மணி நேரம், தேர்வு நாளன்று மையத்திற்கு உடன் செல்லும் துணை ஆகியவை போதும். சாத்திர தானம் என முன்னோர் போற்றியதன் இக்கால வடிவம் இதுவே.

பெற்றோர்க்கு இன்னொரு கடமையும் உண்டு. 2017ஆம் ஆண்டு, பிளஸ் டூவில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றும் மருத்துவ இடம் கிட்டாத அரியலூர் மாவட்டத்து அனிதாவைத் தமிழகம் இழந்தது. அவ்விழப்பு எந்த இல்லத்திலும் மீண்டும் நேரலாகாது. நீட் தேர்வை அடுத்த ஆண்டும் எழுதலாம். வேளாண்மை, செவிலியம், மருந்தியல் ஆகியவற்றிற்குத் தமிழ்நாட்டில் பொதுத் தேர்வு மதிப்பெண்ணே போதும். இவற்றைத் தேர்வு முடிவு வரும் நாளில் அன்று, தேர்விற்கு முன்பே பிள்ளைக்குச் சொல்லி வைத்தல் வேண்டும். எம்முடிவு வரினும் இல்லத்தில் தனக்குரிய இடம் மாறாது என்று தெளிந்த பிள்ளையே தேர்வறையில் அஞ்சாமல் எழுதும்.

மாணவச் செல்வங்களே! கற்றதை உடன் இருப்பவர்க்கு ஓதுங்கள். அவர் பெறுவதினும் மிகுதியாக நீங்கள் பெறுவீர்கள்.