‘ஒத்துக்கொள்’ என்று சொல்லும் முன்

(குறுவள மையக் கூட்டத்தில் சமூக அறிவியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



எட்டாம் வகுப்பில் நீதித்துறைப் பாடம் நடத்தும்போது, “சட்டமன்றம், நிர்வாகம், நீதிமன்றம் மூன்றிலும் ஒரே ஆள் இருக்கலாமா டீச்சர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். ஒரே நேரத்தில் கூடாது, அடுத்தடுத்து இருக்கலாம் என்றேன். அப்படி இருந்தவர்தான் அமெரிக்காவின் எர்னஸ்ட் மெக்ஃபார்லண்ட்.

1894இல் பிறந்த அவர் இளமையில் நம்மைப் போலப் பள்ளி ஆசிரியர். பிறகு சட்டம் படித்து அரிசோனாவில் அரசு வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் இருந்தார். 1941 முதல் 1953 வரை அமெரிக்க செனட் உறுப்பினர். போரிலிருந்து திரும்பிய வீரர்களைப் படிக்க வைத்த 1944ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவருக்குப் பெரும் பங்குண்டு. அதனால் சுமார் 78 லட்சம் பேர் கல்வியோ தொழிற்பயிற்சியோ பெற்றார்கள். 1955 முதல் 1959 வரை அரிசோனாவின் ஆளுநர். அங்கே ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 1965இல் அம்மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியானார். 1968இல் தலைமை நீதிபதி.

இவ்வளவு அனுபவம் உள்ளவர் முன் 1965இல் எர்னஸ்டோ மிராண்டாவின் மேல்முறையீடு வந்தது. காவல் நிலையத்தில் இரண்டு மணி நேர விசாரணைக்குப் பின் குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவர் மிராண்டா. வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமை உண்டென்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் வழக்கறிஞரைக் கேட்கவில்லையே என்பதையும் சுட்டிக்காட்டி, தண்டனை சரியே என்று மெக்ஃபார்லண்ட் தீர்ப்பு எழுதினார். 1966இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அதை மாற்றியது. உரிமையை முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றது. அந்த வாக்குமூலம் இல்லாமலே மறுவிசாரணை நடந்தது. மிராண்டா மீண்டும் தண்டனை பெற்றார். ஆக, ஒழுங்கான முறையைக் கடைப்பிடித்ததால் நீதி தோற்றுவிடவில்லை.

இதை ஏன் சொல்கிறேன்? சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் சுற்றுலாவுக்குச் சேர்த்த பணத்தில் 200 ரூபாய் குறைந்தது. ஒரு மாணவனை ஆசிரியர் அறையில் தனியே நிற்க வைத்து, “ஒத்துக்கொள், வீட்டில் சொல்ல மாட்டேன்” என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். மதிய மணி அடிப்பதற்குள் ஒத்துக்கொண்டான். மறுநாள் அந்தப் பணம் என் வருகைப் பதிவேட்டின் அட்டைக்குள்ளேயே இருந்தது. “ஏன்டா எடுத்தேன்னு சொன்னே?” என்றேன். “அப்பதான் போக விடுவீங்கன்னு, டீச்சர்” என்றான். அதற்குள் வகுப்பே அவனைத் திருடன் என்று கூப்பிட்டிருந்தது. எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் அவன் பழையபடி முன் பெஞ்சில் உட்கார வெகுநாள் ஆயிற்று.

குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது நம் அரசியலமைப்பின் 20(3)ஆம் பிரிவு. வகுப்பறை நீதிமன்றம் அல்லதான். ஆனால் கேட்பவர் கையில் அதிகாரமும், எதிரே தனியாக ஒரு குழந்தையும் இருந்தால், கிடைப்பது உண்மையா பயமா என்று நமக்கே தெரியாது. நல்ல ஆசிரியர் என்ற பெயர் மட்டும் இதற்குப் போதாது, நல்ல முறையும் வேண்டும்.

இப்போது நான் முதலில் என் மேசையைத் தேடுகிறேன். பிறகு, “உனக்குத் தெரிந்ததைச் சொல், கூட யாராவது இருக்க வேண்டுமானால் அழைத்து வா” என்கிறேன். குழந்தை தானாக அதைக் கேட்காது. நாம்தான் சொல்ல வேண்டும்.