மழை விட்ட பின் முற்றத்துப் புல்



செம்பூரில் நம்மவர் வீட்டுச் சுவர்களில் தொங்குவது தமிழ் நாட்காட்டிதான். ஆனால் ஜன்னலுக்கு வெளியே பெய்வது தமிழ்நாட்டு மழை அன்று. ஆடிப் பட்டம் தேடி விதைக்கச் சொல்லும் பழமொழியை நம்பி இங்கே ஆடியில் விதை தூவினால், மறுநாள் அது கால்வாய் வழியே மாஹுல் கழிமுகத்தை அடைந்திருக்கும். ஜூனில் பிடித்த மழை இங்கே புரட்டாசியில் ஓய்கிறது. மும்பையை விட்டு மழை விலகும் நாள் சராசரியாக அக்டோபர் 8 என்பது வானிலைத் துறையின் கணக்கு. ஊரிலோ ஐப்பசியில்தான் அடைமழை. அங்கே குடை விரியும்போது இங்கே குடை மடங்குகிறது. நானும் பல ஆண்டுகள் ஊரிலிருக்கும் என் சிற்றப்பாவிடம் தொலைபேசியில் யோசனை கேட்டுத் தோட்டம் போட்டுத் தோற்றவன். அவர் சொன்னது பிழையன்று. அது வேறு வானத்துக்குச் சொன்னது.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், கட்டடத்து முற்றத்தில் இருக்கும் புல்தரையும், அதைப் பேணக்கூடிய நம் பிள்ளைகளின் மன்றமும் ஆகும். இரண்டுக்கும் காலம் ஒன்றே. விநாயக சதுர்த்தி முதல் தீபாவளி வரை உள்ள நாட்களில்தான் இளைஞர் மன்றம் உயிரோடு இருக்கிறது. அதன் பின் பரீட்சை வந்துவிடும். மன்றத்தின் பூட்டுக்குச் சாவி எங்கே என்றுகூட ஒருவருக்கும் தெரியாது. புல்தரையும் அப்படியே. மழை விட்ட ஆறு வாரங்களில் கவனித்தால் அது கோடை வரை நிற்கும். இல்லையேல் அக்டோபர் வெயிலில் தரை ஓடுபோல் இறுகிவிடும்.

எங்கள் குடியிருப்பின் கதையையே சொல்கிறேன். கட்டடத்தின் முன்னால் அறுபதடி நீளம், நாற்பதடி அகலத்தில் ஒரு நிலம். 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டில் கூடிய பொதுக்குழுவில், அந்த நிலம் முழுவதும் சிமெண்டுக் கற்கள் பாவிக் கார்கள் நிறுத்த இடம் செய்யலாம் என்று ஒரு பிரேரணை வந்தது. நியாயமும் இருந்தது. மழைக்காலம் முழுதும் அது சேறு. குழிகளில் நீர் தேங்கிக் கொசு பெருகிற்று. முதல் மாடியில் இருவருக்கு டெங்கு கண்டிருந்தது. அப்போது மன்றத்துப் பிள்ளை ஒருவன் எழுந்து, "மாமா, தீபாவளி வரைக்கும் பொறுங்கள். நாங்கள் சரிசெய்து காட்டுகிறோம். முடியாவிட்டால் கற்களைப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றான். கிரிக்கெட் ஆட இடம் போய்விடுமே என்ற கவலைதான் அவனுக்கு. அதனால் என்ன? கவலை உண்மையானது. பெரியவர்கள் ஒப்புக்கொண்டார்கள், எப்படியும் முடியாது என்ற தைரியத்தில் ஒப்புக்கொண்டார்கள் என்றே நினைக்கிறேன்.

செம்பூரில் புல்லுக்குப் பஞ்சமில்லை. 1927-இல் தோன்றிய பாம்பே பிரசிடென்சி கோல்ஃப் கிளப்பின் பரந்த பசுந்தரை இங்கேதான் இருக்கிறது. அதை வளர்க்க இயந்திரங்களும் ஆட்களும் உண்டு. எங்களுக்கு இருந்தவர் வாரம் ஒருமுறை வரும் மாலி காகா ஒருவரே. அவரிடம் இருந்தவை ஒரு களைக்கொத்து, ஒரு கத்தரி, நாற்பது ஆண்டு அனுபவம். பிள்ளைகளிடம் அவர் முதலில் சொன்னது புல்லைப் பற்றியே அன்று, காலைப் பற்றி. தேங்கிய நீரில் எலியின் சிறுநீர் கலந்திருந்தால் காலில் உள்ள சிறு கீறல் வழியாகவும் எலிக்காய்ச்சல் நுழைந்துவிடும். ஆகையால் வெறுங்காலோடு ஒருவரும் இறங்கக் கூடாது என்றார். இரண்டு வாரம் ரப்பர் காலணி கிடைக்காமல் ஐந்து பேர் வரப்பில் நின்றே வேலை பார்த்தார்கள்.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் கோரை. மேலே பிடுங்கினால் அது சிரித்துக்கொண்டே மறுவாரம் வரும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். அதற்கு மழை விட்ட உடனே, மண் இளகியிருக்கும் நாளே ஏற்றது. அடுத்து, மக்கள் நடந்து நடந்து இறுகிய இடங்களில் இரும்பு முள்ளால் விரல் நீளத்துக்குத் துளைகள் இட வேண்டும். வேர் மூச்சு விட அதுவே வழி. பிறகு, செம்மண்ணும் மணலும் மக்கிய உரமும் சல்லடையில் சலித்துக் கலந்து குழிகளில் இட வேண்டும். ஒரே தடவையில் அரை அங்குலத்துக்கு மேல் போடக் கூடாது. புல்லின் நுனி வெளியே தெரிய வேண்டும். ஆழமான குழியானால் இரு வாரத்துக்கு ஒருமுறையாகப் பல தடவையில் நிரப்ப வேண்டும். எங்கள் பிள்ளைகள் அவசரப்பட்டு ஒரு குழியை ஒரே நாளில் மூடினார்கள். உள்ளே இருந்த புல் செத்து, அந்த இடம் மட்டும் வழுக்கைத் தலைபோல் நின்றது.

வெட்டுவதற்கும் அளவுண்டு. ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டலாகாது. முழங்கால் வரை வளர்ந்ததை ஒரே நாளில் மொட்டையடித்தால் வெயில் அதன் அடியைச் சுட்டுவிடும். எங்கள் தரையில் இருந்தது பெரும்பாலும் அறுகு. பிள்ளையாருக்கு நாம் சாத்துவதும், மராட்டியர் துர்வா என்று இருபத்தோரு இதழ்களாக எண்ணி வைப்பதும் இதே புல்தான். மிதித்தாலும் வெயிலில் காய்ந்தாலும் மீண்டும் தழைக்கும். நிழலில் மட்டும் அது வாழாது. மரத்தடியில் புல் வரவில்லையே என்று வருந்துவதைவிட அங்கே ஒரு பலகையைப் போட்டு முதியோரை உட்கார வைப்பது உத்தமம்.

உரம் இட்டதில்தான் ஒரு விபத்து நேர்ந்தது. தழை, மணி, சாம்பல் மூன்றும் நூற்றுக்குப் பதினைந்து வீதம் கலந்த உரமானால் நூறு சதுர அடிக்குக் கால் கிலோ போதும்; எங்கள் நிலம் முழுவதுக்கும் ஆறு கிலோ. இட்டவுடன் நன்றாக நீர் பாய்ச்ச வேண்டும். பிள்ளைகளில் ஒருவன் மிச்சமிருந்ததையும் ஒரே வரிசையில் கொட்டிவிட்டு, நீர் விடாமல் ஆட்டத்துக்குப் போய்விட்டான். மூன்றாம் நாள் நிலத்தின் நடுவே மஞ்சள் கோடு ஒன்று விழுந்தது. பொதுக்குழுவில் எதிர்த்தவர்கள் அதை மாடியிலிருந்து ஒருவருக்கொருவர் காட்டினார்கள்.

மக்கிய உரத்துக்கு நாங்கள் கடைக்குப் போகவில்லை. கணபதி பந்தலில் சேர்ந்த பூக்களையும் வெட்டிய புல்லையும் காய்ந்த இலைகளையும் அடுக்கடுக்காக ஒரு மூலையில் குவித்தோம். புல்லை மட்டும் குவித்தால் அழுகி நாறும். ஒரு பங்கு பசுமைக்கு இரண்டு பங்கு சருகு வேண்டும். மாலையின் நூலையும் ஜரிகைத் தாளையும் பிரித்தெடுக்க இரண்டு மாலைகள் ஆயின. அந்த வேலையைப் பெண் பிள்ளைகளே செய்தார்கள். பையன்கள் வேடிக்கை பார்த்தார்கள் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். செம்பூரில் குப்பையின் மதிப்பு நமக்குத் தெரியாததன்று. 1906-இல் குர்லாவிலிருந்து இவ்வூருக்கு ரயில் பாதை போட்டதே நகரத்துக் குப்பையைக் கொண்டு வருவதற்குத்தான். பயணிகள் ஏறியது 1924-இல். தேவனார் குப்பைமேடு 2016 ஜனவரியில் பற்றி எரிந்தபோது, நாள் கணக்கில் நம் வீட்டுக்குள் புகுந்த புகையை ஒருவரும் மறந்திருக்க மாட்டார்கள். நம் முற்றத்துச் சருகு அங்கே போய்ச் சேராமல் இருப்பது நம் மூச்சுக்கும் நல்லது.

நவராத்திரி வந்ததும் வேலை நின்றுவிடும் என்று அஞ்சினேன். நடந்தது வேறு. கொலுவின் கீழே பூங்கா வைக்க நம் வீட்டுச் சிறுமியர் தட்டில் மண் பரப்பிக் கடுகும் கேழ்வரகும் தெளித்தார்கள். மூன்றாம் நாள் முளை, ஆறாம் நாள் பச்சை. அதைப் பார்க்க வந்த மராட்டியக் குழந்தைகள், தீபாவளிக்கு நாங்கள் மண்ணால் கட்டும் கோட்டையிலும் இப்படித்தான் விதைப்போம் என்றார்கள். சிவாஜி மன்னரின் கோட்டைகளை நினைந்து இந்த நாட்டுப் பிள்ளைகள் முற்றத்தில் கட்டும் வழக்கம் அது. வழுக்கையாய்க் கிடந்த குழியைச் சுற்றியே அவ்வாண்டு கோட்டை எழுந்தது. அதன் சரிவில் கடுகு முளைத்தது. நம் கொலுவிலிருந்து இறங்கிய செட்டியார் பொம்மை அதன் வாசலில் காவலிருந்தார். கட்டியவர்களில் தமிழ்ப் பிள்ளை எது, மராட்டியப் பிள்ளை எது என்று மாடியிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்திராது. எல்லாரும் ஒரே நிறச் சேற்றில் இருந்தார்கள்.

தீபாவளி முடிந்த ஞாயிறு மீண்டும் பொதுக்குழு கூடிற்று. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். குழிகள் தூர்ந்தன, கொசுவும் குறைந்தது. ஆனால் கார்களுக்கு இடம் வேண்டும் என்பதும் பொய்யன்று. இருபதடி அகலத்துக்குக் கற்கள் பாவினார்கள். மீதி இருபதடி புல்லாகவே இருக்கிறது. கிரிக்கெட் நீளவாட்டில் ஆடப்படுகிறது. பந்து காரில் பட்டால் ஆட்டக்காரர் அவுட் என்று ஒரு சட்டமும் பிறந்திருக்கிறது.

கற்களும் புல்லும் சேரும் ஓரத்தில் சக்கரங்கள் திரும்பித் திரும்பி ஆண்டுதோறும் ஒரு பள்ளம் விழுகிறது. மழை விட்ட முதல் ஞாயிறு காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுமுன், அங்கே சலித்த மண் இடுவது வழக்கமாகிவிட்டது. நீர் கட்டடத்துப் பழைய கிணற்றிலிருந்து; குழாய்த் தண்ணீரைப் புல்லுக்கு விட மாலி காகா சம்மதிப்பதில்லை. வாரம் இருமுறை, ஆழமாக. தினமும் சிறிது தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும் என்கிறார்.