பாலாற்று மண்ணும் சட்டத்தின் கடமையும்

சுற்றுச்சூழல் சேதத்தைத் தடுக்கவும், சேதமானதைச் சீர்செய்யவும் சட்டம் என்ன செய்கிறது என்பதே இந்தக் கருத்தரங்கின் பொருள். அதைப் பேச வேலூர் வழக்கைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை.

வேலூர் வட்டாரத்தின் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் தோல் தொழிலால் பெயர் பெற்ற ஊர்கள். அவற்றுக்கு நீர் கொடுத்தது பாலாறு. ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடந்தாலும் அடியில் நீர் ஓடும் ஆறு அது. கசக்கால் எனும் ஊற்றுக் கால்வாய் வெட்டி அந்த நீரை ஏரிக்கும் வயலுக்கும் கொண்டுபோனவர்கள் அந்தப் பகுதி மக்கள். தோல் பதனிடும் டேனரிகளின் கழிவு போய்ச் சேர்ந்தது அந்த நீரில்தான்.

கழிவு என்றதும் எல்லோர் வாயிலும் வருவது குரோமியம். அந்தப் பயம் நியாயமானதே. ஆனால் வயலைப் பாழாக்கியதில் உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் அழுகாமல் இருக்க உப்புத் தடவியே டேனரிக்கு வருகின்றன. அங்கே முதல் வேலை, தோலை ஊறவைத்து அந்த உப்பைக் கழுவுவது. குரோமியத்தைச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடாகப் படியவைத்துப் பிரித்துவிட முடியும். கரைந்த உப்பு அப்படிப் படியாது. ஆர்.ஓ. போன்ற முறை இல்லாமல் அதைப் பிரித்தெடுக்க இயலாது. அதனால்தான் சுத்திகரித்ததாகச் சொல்லி வெளியே விட்ட தண்ணீரும் கிணறுகளைக் கரிக்க வைத்தது. உப்பேறிய மண்ணில் பயிர் முளைத்தாலும் தேறாது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது 1991-இல். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு நீதிமன்றத்தின் முன் வந்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போயிருந்தது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. தோல் ஏற்றுமதி அந்நியச் செலாவணி ஈட்டித் தருகிறது, பலருக்கு வேலை கொடுக்கிறது என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. அதற்காக நிலத்தையும் நீரையும் மக்களின் உடல்நலத்தையும் அழிக்க உரிமை கிடையாது என்றது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடும் இந்த நாட்டின் சட்டத்தில் அடங்கியவை என்று அறிவித்தது. தன் தொழிலால் கேடு வராது என்று நிரூபிக்கும் பொறுப்பைத் தொழில் நடத்துபவர் தலையில் வைத்தது. கிணறு கெட்டுப்போன விவசாயி ஆய்வுக்கூடம் ஆய்வுக்கூடமாக அலைய வேண்டியதில்லை என்பதே இதன் பொருள். இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் இதைவிடப் பெரிய திருப்பம் குறைவு.

தீர்ப்பின்படி, சூழல் இழப்பைத் தடுக்கவும் இழப்பீடு வழங்கவும் ஒரு ஆணையம் அமைந்தது. அது 2001 மார்ச் 7 அன்று 29,193 குடும்பங்களுக்கும் தனிநபர்களுக்கும் சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. வகுத்துப் பார்த்தால் சராசரியாக ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்கூட வராது. ஒரு கிணற்றைத் தூர்வாரக்கூடக் காணாத தொகை. அந்தத் தொகையும் எல்லோர் கைக்கும் போய்ச் சேரவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் தலையிட வேண்டியிருந்தது. பாக்கி இழப்பீட்டை மாநில அரசே ஆறு வாரத்துக்குள் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒருமுறை இழப்பீடு கட்டியதோடு பொறுப்பு முடியாது, சேதம் நீங்கும் வரை அது தொடரும் என்றும் சொன்னது. முதல் மனுவுக்கும் இந்தத் தீர்ப்புக்கும் இடையில் 34 ஆண்டுகள் போய்விட்டன. வழக்கு தொடங்கியபோது ஏர் பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று வேறு பிழைப்புக்குப் போய்விட்டார்கள்.

ராஜஸ்தானின் பிச்ரி கிராமத்திலும் இதே கதைதான். எச்-ஆசிட் தயாரித்த ஆலைகளின் கழிவு கிணற்று நீரைக் கெடுத்தது. சேதப்பட்ட சூழலைச் சீர்செய்யும் செலவும் ஆலையையே சேரும் என்று 1996-இல் தீர்ப்பு வந்தது. ஆலைத் தரப்பு மனுமேல் மனுவாகப் போட்டு இழுத்தடித்தது. 2011-இல், 37.385 கோடி ரூபாயைக் கூட்டு வட்டியோடு கட்டச் சொல்லி நீதிமன்றம் அந்த இழுத்தடிப்புக்கு விலை வைத்தது. தாமதம் லாபம் தரக்கூடாது என்ற அந்த நிலைப்பாடு ஒவ்வொரு மாசு வழக்கிலும் வழக்கமாக வேண்டும்.

2010-ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 15-ஆவது பிரிவில் மூன்று நிவாரணங்களைத் தனித்தனியே சொல்கிறது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு, சேதமான சொத்தை மீட்டுத் தருதல், சுற்றுச்சூழலையே மீட்டெடுத்தல். நடைமுறையில் முதலாவது கிடைப்பதே பெரும்பாடு. மூன்றாவது பெரும்பாலும் காகிதத்திலேயே நின்றுவிடுகிறது. போதாததற்கு, நிவாரணம் கேட்க ஐந்தாண்டு வரம்பும் உண்டு. நிலத்தடியில் மெல்ல நகரும் உப்பும் உலோகமும் அந்த நாள்காட்டியைப் பார்த்து நகர்வதில்லை.

இந்த இடத்தில் 2025 ஜூலையில் மத்திய அரசு அறிவிக்கை செய்த மாசடைந்த தளங்கள் மேலாண்மை விதிகளைக் கவனிக்க வேண்டும். மாவட்ட நிர்வாகம் சந்தேகத்துக்குரிய இடங்களைப் பட்டியலிட வேண்டும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதல்கட்ட ஆய்வை முடிக்க வேண்டும், பொறுப்பாளியைக் கண்டுபிடித்துச் செலவை வசூலிக்க வேண்டும் என்று படிப்படியாகச் சொல்கின்றன. வரவேற்க வேண்டிய விதிகள். ஆனால் ஆய்வுக்குக் கெடு வைத்த விதிகள், தளத்தைச் சுத்தம் செய்து முடிக்கக் கெடு வைக்கவில்லை. நாட்டில் அடையாளம் காணப்பட்ட 103 தளங்களில் ஏழில் மட்டுமே சீரமைப்பு தொடங்கியிருந்த நிலையில் இது சிறிய விடுபடல் அல்ல. ராணிப்பேட்டையில் குரோமேட் ரசாயன ஆலை ஒன்று 1990களின் நடுவில் மூடப்பட்டது. அது விட்டுப்போன கழிவு லட்சம் டன்னைத் தாண்டும். மழை பெய்தால் அந்தக் குவியலிலிருந்து மஞ்சள் நீர் கசிந்து நிலத்தில் இறங்கியதை ஊரே அறியும். ஆலை போய்விட்டது, கழிவு மட்டும் தங்கிவிட்டது. இப்படிப்பட்ட இடங்களுக்கு யார், எந்தத் தேதிக்குள் பொறுப்பு என்பதைச் சட்டம் பெயர் சொல்லிக் கூற வேண்டும்.

தடுப்புக்கும் ஒரு வழி திறந்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், கேடு நேரும் முன்பே வங்கி உத்தரவாதம் கேட்கவும், சூழலை மீட்க ஈட்டுத்தொகை விதிக்கவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்கு அதிகாரம் உண்டு என்றது. பணம் முன்கூட்டியே அரசின் பிடியில் இருந்தால் ஆலை மூடினாலும் மண்ணைச் சுத்தம் செய்ய வழி இருக்கும். மறுபக்கம், 2023-இன் ஜன் விஸ்வாஸ் சட்டம் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்ட மீறல்களுக்கான சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான அபராதத்தை வைத்தது. சிறு பட்டறைக்கு 15 லட்சம் பெரிய இடி. பெரிய ஆலைக்கு அது கணக்கில் எழுதிக்கொள்ளும் ஒரு செலவு. ஆகவே அபராதத்தை நம்பியிருக்காமல், வாரியங்கள் வங்கி உத்தரவாதத்தைக் கட்டாயமாக்குவதே இன்றைய தேவை.

இந்தக் கருத்தரங்கின் அமர்வுகள் கோட்பாடுகளை மறுபடி விளக்குவதோடு நின்றுவிடக் கூடாது. சீரமைப்பை முடிக்கக் காலக்கெடு, பொறுப்பாளி இல்லாத தளங்களுக்கு நிதி, ஐந்தாண்டு வரம்பில் நிலத்தடி மாசுக்கு விலக்கு ஆகிய மூன்றுக்கும் திருத்த வரைவு ஒன்றை வழக்கறிஞர்களும் மண்ணியல் ஆய்வாளர்களும் சேர்ந்து எழுதி, மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கும் தமிழ்நாடு அரசுக்கும் அனுப்ப வேண்டும் என்று அவையைக் கேட்டுக்கொள்கிறேன். முதல் அமர்வு தொடங்கட்டும்.