விலைக்கு வரும் விளையாட்டு இணைப்புகள்

தைப்பொங்கல் நாளின் மாலையிலே வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நின்றவர்கள், வானத்தில் ஏறி நிற்கும் பட்டங்களைக் கண்ணாற் காண்பதோடு காதாலும் கேட்டிருப்பார்கள். மூங்கிலைச் சீவிச் சட்டம் அமைத்து, மென்தாள் ஒட்டி, முச்சை கட்டி, வாலைத் தொங்கவிட்ட பின்னர், பட்டத்தின் தலைப்பக்கத்திலே ‘விண்’ பூட்டுவது யாழ்ப்பாணத்து வழக்கம். விண் என்பது சிறியதொரு வில்லில் இழுத்துக் கட்டிய நார். காற்று அதனை மோதும்போது எழும் இரைச்சல் ஊர் முழுவதும் கேட்கும். விண் இல்லாவிட்டாலும் பட்டம் பறக்கும். பூட்டினால் பாடிக்கொண்டு பறக்கும். வாலின் செய்தி வேறு. வால் வேண்டிய பட்டத்துக்கு வாலில்லையேல், அது இரண்டு கரணம் போட்டுப் பனைவடலிக்குள் விழுந்துவிடும்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் பட்டம் அன்று. கணினியிலும் தொலைக்காட்சித் திரையிலும் கைத்தொலைபேசியிலும் எம் பிள்ளைகள் ஆடும் விளையாட்டுகளையும், அவற்றுக்கு மேலதிகமாக விலைக்கு விற்கப்படும் இணைப்புப் பகுதிகளையும் பற்றியே சொல்லப் போகின்றேன். ஆங்கில எழுத்துகளால் ‘டீ.எல்.சி.’ எனச் சுருக்கி வழங்கப்படும் இவ்விணைப்புகள், ஒரு விளையாட்டை வாங்கிய பின்னர் இணையத்தின் வழியே தரவிறக்கிச் சேர்த்துக்கொள்பவை. புதிய கதை, புதிய நிலம், புதிய படைவீரர், சில வேளைகளில் வெறும் சட்டையும் தொப்பியும் இவ்வாறு விலைக்கு வருகின்றன. முன்னரே பணம் கொடுத்து வாங்கிய பொருளுக்கு மறுபடியும் பணம் கொடுப்பது தகுமோ என்னும் வினா, பிள்ளைகள் உள்ள வீடுகளில் அடிக்கடி எழுகின்றது. எங்கள் வீட்டிலும் எழுந்தது.

2022ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் அது. அம்மாதம் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த ஒரு டொலர், ஏப்பிரல் முடிவதற்குள் 300 ரூபாயை நன்றாகத் தாண்டிவிட்டது. மின்வெட்டு ஒரு கட்டத்தில் 13 மணிநேரம் வரை நீண்டது. எங்கள் கரையோரங்களிலே மண்ணெண்ணெய் கிடையாமையால் வள்ளங்கள் கரையிற் கிடந்தன. அந்த நாள்களில், மின்சாரம் வந்த ஒரு மாலைப்பொழுதிலே, என் தங்கையின் மகன் ஓடிவந்து, “மாமா, ஒரு கேம் எங்கட தமிழிலை கதைக்குதாம், வாங்கித் தருவீங்களோ?” என்று கேட்டான்.

அவன் சொன்னது உண்மைதான். ‘ஏஜ் ஒவ் எம்பயர்ஸ்’ என்னும் விளையாட்டின் இரண்டாம் பாகம் 1999இல் மைக்ரோசொப்ட் கொம்பனியினால் வெளியிடப்பட்டது. ஊர் அமைத்து, வயல் உழுது, மரம் தறித்து, படை திரட்டிப் போர் புரியும் விளையாட்டு அது. அதில் வரும் ஒவ்வோர் இனத்தவரும் தத்தம் மொழியிற் பேசுவர். அதற்கு 2000ஆம் ஆண்டிலேயே ஓர் இணைப்பு வந்தது. அஸ்ரெக்கர், மாயர், கொரியர் முதலியோர் அதனாற் சேர்ந்தனர். அக்காலத்தில் இணைப்பு என்பது பெட்டியில் அடைத்த இறுவட்டு. இந்தியர் என்னும் பெயரில் ஓரினம் 2013இலேதான் சேர்ந்தது. அவர்களும் வடநாட்டு மொழியையே பேசினர். பின்னர் 2019இல் அவ்விளையாட்டுப் புதுக்கி வெளியிடப்பட்டது. 2022 ஏப்பிரல் 28ஆம் நாள் ‘டைனஸ்ரீஸ் ஒவ் இந்தியா’ என்னும் இணைப்பு வந்தது. வங்காளரும் கூர்ச்சரரும் திராவிடரும் அதிலே சேர்க்கப்பட்டனர். திராவிடரின் படைவீரரும் உழவரும் தமிழிலே பேசினர். சுருள்வாள் வீசும் வீரரும், திரிசடை என்னும் போர்க்கப்பலும், இராசேந்திர சோழனின் பெயரில் ஒரு போர்க்கதைத் தொடரும் அவர்களுக்குக் கிடைத்தன. விலை ஏறத்தாழ 10 டொலர்.

அந்தப் பத்து டொலரைப் பற்றி நான் பலமுறை எண்ணிப் பார்த்தேன். இரண்டு மாதங்களுக்கு முன் அது 2,000 ரூபாய். அவன் கேட்ட நாளிலோ 3,000 ரூபாய்க்கு மேல். வெளியே மக்கள் எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசையில் நிற்கையில், உள்ளே விளையாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடுவது எனக்கு வெட்கமாகவே இருந்தது. “பொறு” என்று சொன்னேன். வேறு வழி உண்டென்று அவனுடைய நண்பன் ஒருவன் சொல்லியிருந்தான். அந்த வழியை யாழ்ப்பாணத்தில் அறியாதவர் இல்லை.

2002இல் ஏ9 பாதை திறந்தபோது, கொழும்பிலிருந்து வந்த பொருள்களோடு பிரதி எடுத்த இறுவட்டுகளும் வந்தன. படமும் பாட்டும் விளையாட்டும் எல்லாம் அவ்வாறே எங்களை வந்தடைந்தன. உண்மையான பெட்டியைக் கண்ணால் காணாமலே ஒரு தலைமுறை வளர்ந்தது. அதற்காக அந்தத் தலைமுறையைக் குற்றஞ் சாட்ட நான் முன்வரேன். விற்பவனும் இல்லை, விலையும் எட்டாது என்னும் நிலையிலே, கிடைத்ததைக் கொண்டே மக்கள் மகிழ்ந்தனர். மிதிவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, அதன் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்களுக்கு, இருப்பதைக் கொண்டு காரியம் பார்ப்பது புதிதன்று.

ஆயினும் இந்த இணைப்பைப் பொறுத்தமட்டில் எனக்கு ஒரு தயக்கம் ஏற்பட்டது. தமிழிலே குரல் கொடுத்தவர்களுக்கு எவரோ கூலி கொடுத்திருக்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் ஆடப்பட்ட ஒரு விளையாட்டில் தமிழ் ஒலிப்பதற்கு 2022 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அது தர்மத்துக்காகச் செய்யப்பட்டதன்று. வாங்குவோர் உண்டென்னும் கணக்கிலே செய்யப்பட்டது. அக்கணக்கைப் பொய்யாக்கிவிட்டு, அடுத்த முறையும் எம்மை நினைப்பார்கள் என எதிர்பார்ப்பதிலே நியாயம் இல்லை.

அந்த இணைப்பிலே குறை இல்லையென்று நான் சொல்லவில்லை. தெலுங்கரையும் கன்னடரையும் மலையாளரையும் திராவிடர் என்னும் ஒரே கூடையில் இட்டு, எல்லோருக்கும் தமிழைப் பேசக் கொடுத்திருக்கிறார்கள். ஏனையோர் முகஞ் சுளித்தால் அதில் வியப்பில்லை. இராசேந்திரன் பெயரும் இந்தத் தீவிலே எல்லோருக்கும் ஒரேவிதமாக ஒலிக்கும் பெயரன்று. பொலனறுவையைச் சனநாதமங்கலம் என்று வழங்கிய சோழராட்சியை ஒருவர் பெருமையோடு நினைப்பார். ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டுச் சோழநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டதை மற்றொருவர் மனத்தாங்கலோடு நினைப்பார். பிள்ளைக்கு அந்த விளையாட்டை வாங்கிக் கொடுப்பவர், இரண்டையும் அவனுக்குச் சொல்லிக் கொடுப்பது நன்று.

எனினும் விண் எது, வால் எது என்று பார்க்குமிடத்து, இது விண் என்பதிலே எனக்கு ஐயமில்லை. அடிப்படை விளையாட்டு இஃதின்றியும் முழுமையாகவே இருந்தது. இணைப்பை வாங்காத பிள்ளை, வாங்கிய பிள்ளையோடு எதிர்நின்று ஆடவும் தடையில்லை. வாங்காதவன் விளையாட்டுக்கு வெளியே தள்ளப்படவில்லை. போலந்து நாட்டார் 2015இல் வெளியிட்ட ‘விற்சர்’ மூன்றாம் பாகத்தையும் இவ்விடத்திலே சொல்ல வேண்டும். அதற்கு 16 சிறு இணைப்புகளை இலவசமாகவே கொடுத்தனர். பணம் கேட்டது இரண்டு பெரிய இணைப்புகளுக்கு மட்டுமே. 2016இல் வந்த இரண்டாவதனைத் தனியொரு விளையாட்டென்றே சொல்லத்தக்க அளவுக்குப் புதிய நாடும் கதையும் கொண்டு அமைத்திருந்தனர்.

இனி வாலை விற்பவர்களிடம் வருவோம். 2012இல் ‘மாஸ் இஃபெக்ற்’ மூன்றாம் பாகம் விற்பனைக்கு வந்த அதே நாளிலே, கதையில் முக்கியமான ஒரு பாத்திரத்தைத் தனி இணைப்பாக்கி அதற்கு வேறு விலை வைத்தனர். தனியாகச் செய்த வேலை அது என்று வெளியிட்டோர் விளக்கம் கூறினர். முதல் நாளே ஆயத்தமாயிருந்ததை ஏன் உள்ளே வைக்கவில்லை என்று ஆடுவோர் சினந்தனர். நான் ஆடுவோர் பக்கமே. அதற்கும் முன்னர், 2006இல், ‘ஒப்லிவியன்’ என்னும் விளையாட்டிலே குதிரைக்கு ஒரு கவசத்தை இரண்டரை டொலருக்கு விற்றார்கள். உலகம் சிரித்தது. என் எண்ணத்தில் அந்தக் கவசம் வாலுமன்று, விண்ணுமன்று. பட்டத்தின் மூலையில் ஒட்டும் வண்ணக் குஞ்சம். வேண்டுபவன் ஒட்டிக்கொள்ளட்டும்.

சிரிக்க முடியாதது வேறொன்று இருக்கின்றது. சிறுகடைகளிலே பிள்ளைகளை மயக்க ஓர் அட்டையைத் தொங்கவிடுவார்கள். காசு கொடுத்துச் சீட்டைக் கிழித்தால் பொம்மையும் வரலாம், ஒன்றும் வராமலும் போகலாம். அதே வித்தை விளையாட்டுகளுக்குள் ‘லூட் பொக்ஸ்’ என்னும் பெயரிலே புகுந்துகொண்டது. 2017 நவம்பரில் ‘ஸ்ரார் வோர்ஸ் பற்றில்புரொன்ற்’ இரண்டாம் பாகத்திலே, வலிமை தரும் பொருள்களை இத்தகைய பெட்டிகளில் அடைத்து வைத்திருந்தனர். எதிர்ப்பு மிகுந்தது. வெளியீட்டு நாளுக்கு முதல்நாளே, பணத்துக்கு விற்பதைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு ஏப்பிரலில் பெல்ஜிய நாட்டுச் சூதாட்ட ஆணைக்குழு, சில விளையாட்டுகளில் உள்ள இப்பெட்டிகள் சூதாட்டச் சட்டத்துக்கு மாறானவை என்று அறிவித்தது. விலை இன்னதென்று தெரிந்து, கிடைப்பது இன்னதென்று தெரியாத எந்த இணைப்புக்கும் பெற்றோர் ஒரு சதமும் கொடுக்கலாகாது என்பதே என் கருத்து. கொடுத்தது 10 ரூபாயா, 10 டொலரா என்பதன்று அங்கே கேள்வி.

இன்னொரு கவலையும் எனக்கு உண்டு. அது எங்கள் ஊரவர்க்கு எளிதில் விளங்கும். 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்தை விட்டுப் புறப்பட்டவர்கள், கையில் எடுத்துச் செல்லக்கூடியதே தம்முடையது என்பதை அந்த ஒரே இரவிலே கற்றுக்கொண்டார்கள். தரவிறக்கிய இணைப்பு யாருடைய கையில் இருக்கின்றது? ‘த குறூ’ என்னும் வாகன ஓட்ட விளையாட்டு 2014இல் வந்தது. 2015இலும் 2016இலும் அதற்குப் பெரிய இணைப்புகளை விற்றார்கள். 2024 மார்ச் 31ஆம் நாள் யூபிசொப்ட் கொம்பனி அதன் சேவையகங்களை நிறுத்திவிட்டது. விளையாட்டும் போயிற்று, அதனோடு இணைப்புகளும் போயின. பணம் கொடுத்தவர்களிடம் எஞ்சியது பற்றுச்சீட்டு மட்டுமே. இத்தகைய விற்பனைகளில், வாங்குபவன் பெறுவது உடைமையன்று, பயன்படுத்தும் அனுமதியே என்பதை மறைக்காமற் சொல்ல வேண்டும் என்று கலிபோர்ணியா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது; அது 2025 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. சொல்லிவிட்டால் மட்டும் குறை தீர்ந்துவிடாது. போலந்தில் 2008இல் தொடங்கிய ‘ஜீ.ஓ.ஜீ.’ என்னும் இணையக் கடையிலே, வாங்கிய விளையாட்டையும் இணைப்பையும் தரவிறக்கி, ஒரு தட்டிலே சேமித்துக்கொண்டால், பின்னர் இணையத் தொடர்பின்றியும் நிறுவிக்கொள்ளலாம். எல்லோரும் அவ்வாறு விற்பதற்கு எது தடை என்று நான் கேட்கின்றேன்.

தங்கையின் மகன் அந்த ஆண்டு முடியும்வரை பொறுத்திருந்தான். திசெம்பரிலே விலைக்கழிவு வந்தபோது, கனடாவிலிருக்கும் என் தம்பி தன் கடனட்டையாற் பணம் செலுத்தினான். அம்மாவுக்கு மாதந்தோறும் அனுப்பும் பணத்திலே அதைக் கழித்துக்கொள்ளும்படி நான் சொன்னேன், அவன் கழிக்கவில்லை. மறுநாள் மாலை மருமகன் அறையிலிருந்து ஆடிக்கொண்டிருந்தான். விறாந்தையிலே சாய்மனைக் கதிரையில் இருந்த அம்மா, உள்ளேயிருந்து வந்த குரல்களைக் கேட்டுத் தலையை நிமிர்த்தி, “ஆர் மோனை வந்திருக்கிறது?” என்று கேட்டார்.